நல்ல குரல் இருந்தால் கேன்டர் ஆகிவிடலாமா?

யூதர்களின் ஜெப ஆலயத்தில் முன்னால் நின்று பாடுகிற கேன்டரைப் பற்றிப் பேச்சு வந்தால், இரண்டு தப்பான எண்ணங்களில் ஒன்று கட்டாயம் வந்துவிடும். சர்ச்சில் கொயர் பாடுகிற மாதிரி, சம்பளத்துக்கு வந்து பாடிவிட்டுப் போகிறவர் என்பது ஒன்று. அவர்தான் அங்கே பூசாரி என்பது இன்னொன்று. ஓபரா பாடப் படித்த ஒருவர் அந்த மேடையை விட்டுவிட்டு கேன்டர் ஆகப் போகிறார் என்று கேள்விப்பட்டால், "பாடத்தான் தெரியுமே, எபிரேயச் சொற்களை மனப்பாடம் பண்ணினால் வேலை முடிந்தது" என்று தோன்றுவதும் இந்தக் குழப்பத்தால்தான். அமெரிக்காவில் அதற்கான முறையான படிப்பு வழக்கமாக ஐந்து ஆண்டு, அதுவும் ஒரு பட்டம் வாங்கிய பிறகு. ஏற்கெனவே நன்றாகப் பாடுகிறவருக்கு ஐந்து ஆண்டு உட்காரவைத்து என்னதான் சொல்லிக்கொடுப்பார்கள்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் கேன்டர் யார் என்பதும் விளங்கிவிடும், அதனால் இந்தக் கேள்வியையே பிடித்துக்கொண்டு போவோம்.

யூத உலகம் ஒரே மாதிரியானது இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏமன் யூதர்கள் பாடும் முறை வேறு, சிரியாவின் அலெப்போவிலிருந்து வந்தவர்களின் முறை வேறு, மொராக்கோ வேறு. இங்கே நான் சொல்வது பெரும்பாலும் ஜெர்மனி, போலந்து, உக்ரைன் பக்கத்திலிருந்து வந்த அஷ்கெனாசி யூதர்களின் வழக்கம்.

முன்னால் நிற்பவர் யார்

ஆலயத்தில் பொதுவாக இரண்டு பேரைப் பார்க்கலாம். ஒருவர் ரபி. வேதமும் மதச் சட்டமும் படித்த ஆசிரியர். விளக்கம் சொல்வார், பிரசங்கம் செய்வார், இதைச் செய்யலாமா கூடாதா என்ற சந்தேகத்துக்குத் தீர்ப்புச் சொல்வார். இன்னொருவர் கேன்டர், எபிரேயத்தில் ஹஸான். ஜெபத்தைக் குரலெடுத்து நடத்திச் செல்வது இவர் பொறுப்பு. இவர் ரபிக்கு உதவியாளும் இல்லை, இருவரில் யாரும் பூசாரியும் இல்லை. யூதர்களிடம் பூசாரிக் குலம் உண்டு, ஆனால் அவர்களுடைய முக்கிய வேலை எருசலேம் கோயிலில் பலி செலுத்துவது, கி.பி. 70-ல் ரோமர்கள் அந்தக் கோயிலை அழித்த பிறகு அந்த வேலையே இல்லாமல் போயிற்று.

பலி இருந்த இடத்துக்கு ஜெபம் வந்தது. நாளுக்கு மூன்று வேளை, வளர்ந்தவர்கள் பத்துப் பேர் கூடிச் செய்ய வேண்டிய ஜெபம். அச்சுப் புத்தகம் இல்லாத காலத்தில் அவ்வளவு நீளமான ஜெபங்களை எல்லாரும் மனதில் வைத்திருக்க முடியாது. தெரிந்த ஒருவர் உரக்கச் சொல்வார். தெரியாதவர் கவனமாகக் கேட்டு, ஒவ்வொரு ஆசீர்வாதத்தின் முடிவிலும் "ஆமென்" என்றால், அவரே ஜெபித்ததாகக் கணக்கு. அப்படிச் சொல்பவருக்கு ஷலியாக் சிப்பூர், அதாவது சபை அனுப்பிய தூதர் என்று பெயர். முறை தெரிந்த யாரும் இதைச் செய்யலாம், பட்டம் எதுவும் தேவையில்லை. (மரபைக் கண்டிப்பாகக் காக்கும் ஆர்தடாக்ஸ் பிரிவில் ஆண்கள் மட்டும், மாற்றங்களை ஏற்ற ரிஃபார்ம், கன்சர்வேடிவ் பிரிவுகளில் பெண்களும்.) இந்தத் தூதர் வேலையைப் படித்துத் தேர்ந்து, அதையே வாழ்க்கைத் தொழிலாகச் செய்கிறவர்தான் கேன்டர்.

குரலைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? யோசேப் காரோ தொகுத்து 1565-ல் வெனிஸில் அச்சான ஷுல்ஹான் அருக் என்ற சட்டநூல், தூதருக்குக் குரல் இனிமையாக இருக்க வேண்டும் என்று சொல்லத்தான் செய்கிறது. ஆனால் அதோடு நிறுத்தவில்லை. விவரம் தெரியாத, ஆனால் இனிய குரல் உள்ள, மக்கள் விரும்புகிற பெரியவர் ஒருவர். குரல் சுமார்தான், ஆனால் சொல்வதன் பொருள் புரிந்த பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன். இருவரில் யாரை முன்னால் நிறுத்துவது? பையனைத்தான் என்கிறது அந்த நூல். அதே பகுதியில் இன்னொன்றும் இருக்கிறது: தன் குரல் கேட்கட்டும் என்று ஜெபத்தை நீட்டுகிறவர், கடவுளுக்கு நன்றி சொல்லும் மகிழ்ச்சியில் நீட்டினால் அவருக்கு ஆசி உண்டு, தன் குரலை எண்ணித் தானே மகிழ்ந்து நீட்டினால் அது இழுக்கு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பாட்டும் ஒன்றுபோலவே கேட்கும். வேறுபாடு பாடுகிறவருக்குள் இருக்கிறது. ஓபராப் பாடகர் ஒருவர் இந்த வேலைக்கு வரும்போது அவருக்கு முன்னால் இருக்கும் பெரிய மலை இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

சரி, இதுவரை: கேன்டர் பூசாரி இல்லை, கச்சேரிக்கு அழைத்துவந்த பாடகரும் இல்லை. கூடியிருப்பவர்கள் சார்பில் ஜெபிக்கிறவர். குரல் வேண்டும், ஆனால் பொருள் புரிந்திருப்பது அதைவிட வேண்டும்.

ஓதுவாரை நினைத்துக்கொள்ளுங்கள்

டிசம்பர் கச்சேரியில் ஒரு வித்வான் தேவாரம் ஒன்றை எடுத்துப் பாடுகிறார். அழகாக இருக்கிறது, கைதட்டுகிறோம். அதே பதிகத்தைக் கோயிலில் பூஜை நேரத்தில் ஓதுவார் பாடுகிறார். அங்கே அந்தப் பாட்டுக்கு ஒரு வேளை உண்டு, பண் உண்டு. பகல் பண், இரவுப் பண் என்ற பிரிவு உண்டு. எது வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பாடிவிட முடியாது. வித்வானுக்கு ஓதுவாரைவிடக் குரல் சாதகம் அதிகமாகவே இருக்கலாம். ஆனால் நாளைக் காலையில் அவரைக் கொண்டுவந்து ஓதுவார் இடத்தில் நிறுத்தினால், என்ன பாடுவது, எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது எல்லாமே புதிதாகக் கற்க வேண்டியிருக்கும்.

ஓபராவிலிருந்து ஜெப ஆலயத்துக்குப் போகிறவரின் நிலையும் இதேதான். ஆனால் ஓர் இடத்தில் இந்த ஒப்பீடு நின்றுவிடுகிறது. கோயிலில் அபிஷேகமும் தீபாராதனையும் நடக்க, அதோடு ஓதுவார் பாடுகிறார். ஜெப ஆலயத்தில் தனியாகப் பூஜை எதுவும் கிடையாது. அந்தச் சொற்கள்தான் வழிபாடு. சொல்கிறவர் நிறுத்திவிட்டால் வழிபாடே நின்றுவிடும்.

நுசாக்: எந்த வேளை, எந்த மெட்டு

படிப்பில் மிகப் பெரிய பங்கு இதற்குத்தான். நுசாக் என்றால், ஒரு குறிப்பிட்ட வேளை ஜெபத்துக்கு உரிய சுரக்கோவையும், அதில் வரும் தொடக்க, நடு, முடிவுப் பிடிகளும் சேர்ந்த மரபு. வாரநாள் மாலைக்கு ஒன்று, சப்பாத் என்ற ஓய்வுநாள் மாலைக்கு ஒன்று, சப்பாத் காலைக்கு வேறொன்று, அறுவடைத் திருவிழாக்களுக்கு ஒன்று, ரோஷ் ஹஷானா என்ற புத்தாண்டுக்கும் யோம் கிப்பூர் என்ற பாவநிவாரண நாளுக்கும் தனியாக ஒன்று. நாட்குறிப்பைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு ஆலயத்துக்குள் வந்து உட்கார்ந்தாலும், பழகிய காதுக்கு இன்று என்ன நாள், எந்த வேளை என்று இரண்டு வரியில் தெரிந்துவிடும்.

இதைக் காட்ட நல்ல உதாரணம் கதீஷ். அரமேய மொழியில் உள்ள சிறிய புகழ்ச்சி ஜெபம் அது, ஒவ்வொரு ஆராதனையிலும் பகுதிக்குப் பகுதி நடுவில் வரும். சொற்கள் எப்போதும் கிட்டத்தட்ட அவையேதான். மெட்டு மட்டும் மாறிக்கொண்டே இருக்கும்: வாரநாளில் கிடுகிடுவென்று போகும், சப்பாத்தில் சாவகாசமாக, புத்தாண்டில் கம்பீரமாக, யோம் கிப்பூர் முடியும் வேளையில் இன்னொரு விதமாக. ஒரே பாட்டு, நாளுக்கேற்ற உடையில் வருகிறது. மாணவர் இவை அத்தனையையும் காதிலும் தொண்டையிலும் ஏற்றிக்கொள்ள வேண்டும், ஒன்றோடு ஒன்று கலந்துவிடாமல்.

கர்நாடக சங்கீதம் கேட்கிறவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் வசதி உண்டு. அஹவா ரபா என்று ஒரு சுரக்கோவை இருக்கிறது, பெரும்பாலான வெளியாட்கள் "இது யூத இசை" என்று அடையாளம் காண்பது இதைக் கேட்டுத்தான். சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். அப்படியே வகுளாபரணம்! கீழ்ப்பாதி மாயாமாளவகௌளையில் சரளிவரிசை பாடியவர்கள் எல்லாருக்கும் தெரிந்த நடை. இன்னொன்று ஹேமவதியின் சுரங்களோடு ஒத்துப்போகிறது. சுரங்கள் ஒன்று என்பதால் ராகமும் ஒன்று என்று சொல்லிவிடக் கூடாது, கமகமும் பிடியும் வேறு. ஆனால் சுரவரிசை மட்டும் ராகம் ஆகாது, எந்தப் பிடியில் ஏறி எங்கே நிற்கிறோம் என்பதுதான் ராகம் என்று நமக்கு ஏற்கெனவே தெரியும் இல்லையா, நுசாக்கும் அதே தர்க்கம்தான். ஐரோப்பிய இசையில் எழுதிய சுரத்தை எழுதியபடி பாடியே வளர்ந்த ஒருவருக்கு இந்த இடம்தான் தலைசுற்றும்.

ஏனென்றால் நுசாக்கில் பெரும்பகுதிக்குத் தாளம் கிடையாது, முழுசாக எழுதிவைத்த மெட்டும் கிடையாது. நாம் விருத்தம் பாடுகிறோமே அப்படி, சொற்கள் முன்னால், சுரம் பின்னால். ஜெபப் புத்தகத்தில் ஒரு பத்தி இருக்கும். சபையினர் ஆளுக்கு ஒரு வேகத்தில் முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். கேன்டர் தொடக்க வரியை உரக்கப் பாடுவார், அப்புறம் தானும் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போய், கடைசி இரண்டு வரியில் மறுபடி குரலெடுத்து முத்தாய்ப்பு வைப்பார். அதைக் கேட்டதும் எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்து "ஆமென்" என்பார்கள். நடுவில் பாட்டே இல்லாத அந்த ஒரு நிமிடத்திலும் கேன்டர் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார். அவர்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்று காதால் அளந்துகொண்டு, எப்போது குரலை எழுப்புவது என்று முடிவு செய்கிறார். இதை எந்த இசைக் கல்லூரியும் சொல்லித்தருவதில்லை.

பெரிய பண்டிகை நாட்களின் சில மெட்டுகளை மட்டும் யாரும் தொடக் கூடாது. ரைன் நதிக்கரை ஊர்களிலிருந்து வந்த மத்தியகால மெட்டுகள் அவை. ஊர் வழக்கமான மெட்டை மாற்றவே கூடாது என்று 1427-ல் மறைந்த மஹரில் என்ற ரபி கண்டிப்பாகச் சொல்லிவைத்தார். மற்ற இடங்களில் கற்பனை செய்யலாம், இங்கே அப்படியே பாட வேண்டும். எங்கே சுதந்திரம், எங்கே கட்டுப்பாடு என்று தெரிவதும் பாடத்தில் சேர்த்தி.

சுருங்கச் சொன்னால், நுசாக் தெரியாதவர் எவ்வளவு அழகாகப் பாடினாலும் செவ்வாய்க்கிழமைக்குப் பண்டிகை மெட்டைப் பாடிவிடக் கூடும். சபைக்கு அது உறுத்தும்.

ட்ரோப்: சுருளைப் பாடுவது

நுசாக் ஜெபத்துக்கு. வேதத்தைப் படிப்பதற்கு வேறு முறை. தோரா, அதாவது மோசேயின் ஐந்து நூல்கள், தோல் சுருளில் கையால் எழுதப்பட்டிருக்கும், ஆலயத்தில் அதிலிருந்துதான் படிக்க வேண்டும். படிப்பது என்றாலும் பாடிக்கொண்டேதான். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சிறு இசைக்குறி உண்டு, அதற்குத்தான் ட்ரோப் என்று பெயர். திபேரியாவில் வாழ்ந்த மசோரெத்துகள் என்ற அறிஞர்கள் சுமார் 9, 10-ஆம் நூற்றாண்டுகளில் இந்தக் குறிகளை ஒழுங்குபடுத்தினார்கள்.

சிக்கல் என்னவென்றால், சுருளில் அந்தக் குறிகள் கிடையாது. உயிரெழுத்துக் குறியும் கிடையாது, நிறுத்தற்குறியும் கிடையாது. மெய்யெழுத்துகள் மட்டும், வலமிருந்து இடமாக, பத்தி பத்தியாக. அதனால் மாணவர்கள் இரண்டு பத்தி உள்ள ஒரு பயிற்சிப் புத்தகம் வைத்துக்கொள்வார்கள்: ஒரு பக்கம் எல்லாக் குறிகளோடும், மறுபக்கம் சுருளில் உள்ளபடி வெறுமையாக. முதல் பத்தியைப் பார்த்துக் கற்று, கையால் அதை மறைத்துவிட்டு இரண்டாவதைப் பார்த்துப் பாடிப் பழக வேண்டும். ஆலயத்தில் பாடும்போது தோலை விரலால் தொடக் கூடாது, முனையில் சின்னக் கை வடிவம் உள்ள வெள்ளிக் கோலை வரிமேல் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். பக்கத்தில் ஒருவர் புத்தகத்தோடு நின்று சரிபார்ப்பார். ஒரு சொல் தவறினால் போதும், பாட்டின் நடுவிலேயே அத்தனை பேர் முன்னிலையில் உரக்கத் திருத்துவார், திரும்பப் போய்ச் சரியாகப் படித்துவிட்டுத்தான் மேலே போகலாம். மேடையில் பாடிப் பழகியவருக்கு இது எவ்வளவு புதிய அனுபவம் என்று யோசித்துப் பாருங்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை, சொல் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ட்ரோப் வெறும் இசை இல்லை, எந்தச் சொல் எதோடு சேர வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்றும் அதுவே சொல்கிறது. ஏசாயா 40-ஆம் அதிகாரத்தின் மூன்றாம் வசனம் தமிழ் பைபிள் படித்தவர்களுக்குத் தெரியும்: வனாந்தரத்திலே கூப்பிடுகிற சத்தம். எபிரேய ட்ரோப் "ஒரு குரல் கூப்பிடுகிறது" என்ற இடத்தில் நிறுத்துகிறது. அதன்பின் "வனாந்தரத்தில் வழியைத் தயார் செய்யுங்கள்" என்று தொடர்கிறது. அதாவது குரல் வனாந்தரத்தில் இல்லை, வழிதான் வனாந்தரத்தில். ஒரு நிறுத்தம் இவ்வளவு செய்கிறது. தோராவுக்கு ஒரு மெட்டுத் தொகுதி, புத்தாண்டு, யோம் கிப்பூர் நாட்களின் தோராவுக்கு ஒன்று, தீர்க்கதரிசிகளுக்கு ஒன்று, எஸ்தருக்கு ஒன்று, புலம்பலுக்கு ஒன்று, ரூத் உன்னதப்பாட்டு பிரசங்கி மூன்றுக்கும் சேர்த்து ஒன்று. குறி ஒன்றுதான், நூலுக்கு நூல் அது ஒலிக்கும் விதம் மாறும்.

ஓபராவுக்கும் ஆலயத்துக்கும் நடுவில் எப்போதும் ஒரு பாதை இருந்தது

வியன்னாவில் 1826-ல் கேன்டராகப் பொறுப்பேற்ற சாலமன் சுல்சர், ஆலய இசையை ஐரோப்பியச் செவ்வியல் இசையின் ஒழுங்குக்குள் கொண்டுவந்தவர். அவருக்காக இசையமைப்பாளர் ஷூபர்ட் 1828-ல் பைபிளின் 92-ஆம் சங்கீதத்தை எபிரேயத்திலேயே இசையமைத்துக் கொடுத்தார். பெர்லினில் லூயி லெவண்டோவ்ஸ்கி இதே வழியில் கொயர் இசை எழுதினார். கிழக்கு ஐரோப்பாவில் வேறு மாதிரி: சின்னப் பையன்கள் ஒரு பெரிய கேன்டரோடு கூடவே தங்கி, ஊர் ஊராகப் போய், கூடப் பாடியே கற்றுக்கொண்டார்கள். குருகுலம்தான்.

20-ஆம் நூற்றாண்டின் முதல் முப்பது நாற்பது ஆண்டுகளைக் கேன்டர்களின் பொற்காலம் என்பார்கள். கிராமஃபோன் வந்துவிட்டிருந்தது. உக்ரைனில் பிறந்து 1912-ல் நியூயார்க் வந்த யோசெலே ரோசன்பிளாட் அதில் உச்சம். 1918-ல் சிகாகோ ஓபரா, ஹலெவி இயற்றிய ஓபராவில் ஒரு யூதத் தந்தையின் வேடத்துக்கு அவரை அழைத்து, ஒரு நிகழ்ச்சிக்கு 1,000 டாலர் தருவதாகச் சொன்னது. அந்தக் காலத்து 1,000 டாலர். அவர் மறுத்துவிட்டார். எதிர்த்திசையில் போனவர் ரிச்சர்ட் டக்கர்: புரூக்ளினில் கேன்டராக இருந்தவர் 1945-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் அறிமுகமாகி, முப்பது ஆண்டு அதன் தலைசிறந்த டெனர்களில் (உயர்ந்த ஆண் குரல் பாடகர்களில்) ஒருவராக இருந்தார், ஆனாலும் பெரிய பண்டிகை நாட்களில் ஆலயத்தில் ஜெபம் நடத்துவதை அவர் விடவில்லை. இருவரில் யார் சரி என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, இருவரையும் நான் மதிக்கிறேன்.

அப்புறம் நாஜிகளின் இனப்படுகொலை. வார்சாவின் பெரும் பாடகர் கெர்ஷோன் சிரோட்டா 1943-ல் அந்த ஊர் கெட்டோவில், அதாவது யூதர்களை அடைத்துவைத்த பகுதியில், இறந்தார். குருக்களும் போனார்கள், சீடப்பிள்ளைகளும் போனார்கள், அவர்களை வளர்த்த ஊர்களும் போயின. கூடவே இருந்து கற்கும் வழி அறுந்துபோனதால்தான் அமெரிக்காவில் பள்ளிகள் தேவைப்பட்டன. ஹீப்ரூ யூனியன் கல்லூரி 1948-ல் நியூயார்க்கில் ஆலய இசைப் பள்ளியைத் தொடங்கியது. ஜூயிஷ் தியலாஜிக்கல் செமினரி 1952-ல் தன் கேன்டர் பயிற்சி நிறுவனத்தை ஏற்படுத்தியது. இன்று ஓபராப் பாடகர் விண்ணப்பம் போட்டுச் சேரும் படிப்பு இப்படி வந்ததுதான்.

பாடகி மாணவி ஆகிறார்

இசைக் கல்லூரியில் குரலிசை படித்த ஒரு சொப்ரானோ, அதாவது உயர்ந்த ஸ்தாயியில் பாடும் பாடகி, என்று வைத்துக்கொள்வோம். பலருக்குத் தொடக்கம் ஒன்றேதான்: ஞாயிறு சர்ச்சிலும் பண்டிகை நாளில் ஜெப ஆலயத்திலும் கொயரில் சம்பளத்துக்குப் பாடுவது. எபிரேயம் தெரியாமலேயே பாட முடியும். மேற்கத்திய இசைக்குறிகள் இடமிருந்து வலம் ஓடும், எபிரேயம் வலமிருந்து இடம் ஓடும், அதனால் பாடல் தாள்களில் சொற்களை அசை அசையாகப் பிரித்து ரோமன் எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துப் பாடிக்கொண்டே வருகிற ஒருவருக்கு ஒருநாள், இந்தச் சொற்கள் என்ன சொல்கின்றன என்று தெரியாமல் இனியும் பாட முடியாது என்று ஆகிவிடுகிறது. அங்கிருந்து கிளம்புகிறார்கள்.

சேர்வதற்குக் குரல் தேர்வு உண்டு, நேர்காணல் உண்டு, எபிரேயம் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். ஹீப்ரூ யூனியன் கல்லூரியில் முதல் ஆண்டை எருசலேமில் கழிப்பது பல்லாண்டு வழக்கம். அப்புறம் நுசாக், ட்ரோப், ஜெபங்களின் வரலாறு, வேதம், தல்மூத் என்ற பழைய சட்ட விவாதத் தொகுப்பு, கொயர் நடத்துவது, கித்தார்கூட. மருத்துவமனையில் நோயாளிகளோடு உட்கார்ந்து பேசுவதற்கும் பயிற்சி உண்டு. படிக்கும்போதே வார இறுதியில் ஏதாவது சின்ன ஊர்ச் சபைக்குப் போய் ஆராதனை நடத்த வேண்டும். கடைசியில் ஆய்வேடும் கச்சேரியும்.

பெண்களுக்கு இந்தக் கதவு திறந்தது 1975-ல், பார்பரா ஓஸ்ட்ஃபெல்ட் ரிஃபார்ம் பிரிவில் முதல் பெண் கேன்டராகப் பட்டம் பெற்றபோது. கன்சர்வேடிவ் பிரிவில் 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சியோலில் கொரியத் தாய்க்குப் பிறந்த ஏஞ்சலா புக்தால் 1999-ல் கேன்டர், 2001-ல் ரபி, 2014 முதல் நியூயார்க்கின் சென்ட்ரல் சினகாக் என்ற ஜெப ஆலயத்தின் தலைமை ரபி.

சேர்வதைவிடக் கடினமானது, விட வேண்டியதை விடுவது. ஓபராக் குரல் இசைக்குழுவைத் தாண்டி அரங்கின் கடைசி வரிசை வரை போவதற்காகச் செதுக்கப்பட்டது. ஆலயத்தில் அதே முழக்கத்தோடு பாடினால் சபை வாயை மூடிக்கொண்டு ரசிக்கத் தொடங்கிவிடும், அங்கே அது தோல்வி. சுருதியை இறக்க வேண்டும். சொப்ரானோவுக்கு வசதியான உயரத்தில் எடுத்தால் கூடியிருக்கும் சாதாரண மனிதர் யாரும் கூடப் பாட முடியாது; அதனால் தன் குரல் அவ்வளவாக ஜொலிக்காத கீழ்ஸ்தாயியில் நின்று பாடப் பழகுகிறார். மரபான ஆலயங்களில் கேன்டர் சபைக்கு முதுகைக் காட்டி, தோரா வைத்திருக்கும் பேழையைப் பார்த்து நிற்பார். முகம் பார்த்துப் பாடிய பழக்கமும் போகிறது. கைதட்டலும் இல்லை.

யோம் கிப்பூர்

குரல் பயிற்சி உண்மையிலேயே கைகொடுக்கும் நாள் ஒன்று உண்டென்றால் இதுதான். சூரியன் மறைவதற்கு முன் தொடங்கி மறுநாள் நட்சத்திரம் தெரியும் வரை சுமார் 25 மணி நேரம் உபவாசம், சொட்டுத் தண்ணீரும் கிடையாது. தொண்டை காயக் கூடாது, தண்ணீர் குடித்துக்கொண்டே இரு என்று எல்லாக் குரல் ஆசிரியர்களும் சொல்வார்கள். வருடத்தில் மிக அதிகமாகப் பாட வேண்டிய நாளில்தான் அது கிடையாது.

முதல் மாலை கோல் நித்ரே. உண்மையில் அது ஜெபமே இல்லை, நிறைவேற்ற முடியாத நேர்த்திக்கடன்களை ரத்து செய்யும் சட்ட வாசகம், அரமேயத்தில். மூன்று முறை பாட வேண்டும். முதல் முறை தயங்கித் தயங்கி, அடுத்தது கொஞ்சம் உரக்க, மூன்றாவது முழுக் குரலில். தோல் செருப்பு அணியக் கூடாத நாள் என்பதால் துணிக் காலணியும் வெள்ளை அங்கியுமாக நிற்பார். மறுநாள் காலையிலிருந்து இருட்டும் வரை ஆராதனைகள் அடுத்தடுத்து. மரபான ஆலயங்களில் பழைய கோயில் வழிபாட்டை நினைவுகூரும் பகுதியில் கேன்டர் மண்டியிட்டு நெற்றி தரையில் படும்படி விழுவார், பக்கத்தில் நிற்பவர்கள் தூக்கிவிட, எழுந்து பாட்டைத் தொடர வேண்டும். வயிற்றில் ஒன்றுமில்லை, தலை சுற்றும், ஆனாலும் அடுத்த வரிக்கு மூச்சு வேண்டும். மூச்சை ஆளும் பயிற்சி இல்லாதவருக்கு அந்தி ஆராதனைக்குள் குரல் உடைந்துவிடும்.

புத்தாண்டிலும் யோம் கிப்பூரிலும் நண்பகல் ஆராதனைக்கு முன் கேன்டர் தனக்காக மட்டும் பாடும் ஒரு ஜெபம் இருக்கிறது, ஹினெனி என்று பெயர். பல இடங்களில் ஆலயத்தின் பின்புறத்தில் ஆரம்பித்து, பாடிக்கொண்டே முன்னால் நடந்து வருவார்கள். தகுதியில்லாத நான் இவர்களுக்காக மன்றாட வந்திருக்கிறேன், என் குற்றத்துக்காக இவர்களைக் குறை காணாதே என்று கேட்கும் ஜெபம். என் ஜெபத்தை, அனுபவம் முதிர்ந்த, இனிய குரல் உடைய ஒருவரின் ஜெபம்போல ஏற்றுக்கொள் என்றும் அதில் வருகிறது. பத்து வருடம் குரலைப் பழக்கிய பாடகியும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், தன்னிடம் அந்தக் குரல் இல்லாததுபோல. இந்த ஒரு வரியைப் படித்தபோதுதான் எனக்கு இந்த வேலையின் முழுக் கனமும் புரிந்தது.

மற்ற நாட்களில்

பண்டிகைகள் போக, வேலையின் பெரும்பகுதிக்குச் சபையே கிடையாது. பதின்மூன்று வயதில் முதல்முறையாகத் தோரா படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு ட்ரோப் சொல்லிக்கொடுப்பது வாராவாரம் நடக்கும். குரல் உடைகிற வயதுப் பையன்கள், கூச்சம் வேறு. திருமணம் நடத்துவது, பிரசவம் ஆன வீட்டுக்குப் போவது, சாவு வீட்டில் இறந்தவரின் ஆன்மா இளைப்பாற வேண்டிப் பாடுவது. மருத்துவமனையில் படுக்கைக்குப் பக்கத்தில், அடுத்த கட்டிலில் இருப்பவருக்குத் தொந்தரவு இல்லாத அளவுக்கு மெதுவாகப் பாடுவதும் உண்டு. கல்லூரியில் இந்த அளவுக்கு மெல்லிய குரலை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஒரு சண்டை இன்னும் தீரவில்லை. 1970-களிலிருந்து டெபி ஃப்ரீட்மன் கித்தாரோடு எல்லாரும் கூடப் பாடும் எளிய மெட்டுகளைக் கொண்டுவந்தார். கேன்டர் பட்டம் பெறாதவர் அவர், ஆனால் 2011-ல் அவர் மறைந்த பிறகு ஹீப்ரூ யூனியன் கல்லூரி தன் இசைப் பள்ளிக்கே அவர் பெயரைச் சூட்டியது. பழைய பாணி தனிப்பாட்டு சபையை வெறும் ரசிகர் ஆக்கிவிடுகிறது என்கிறது ஒரு தரப்பு. எல்லாவற்றையும் கோடை முகாமில் பிள்ளைகள் பாடும் பாட்டு ஆக்கினால் ஆயிரம் ஆண்டு நுசாக் கரைந்துவிடும் என்கிறது இன்னொரு தரப்பு. நான் இரண்டாம் தரப்பின் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன்: கூடப் பாட எளிய மெட்டுகள் எவ்வளவு வேண்டுமானாலும் புதிதாகப் பிறக்கும், வேளைக்கேற்ற மெட்டு என்ற அறிவு ஒருமுறை தொலைந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் ரோசன்பிளாட்டின் பழைய ஒலிப்பதிவுகளில் தொடங்கலாம். கரகரப்பு இருக்கும், பொறுத்துக்கொண்டால் மேல்ஸ்தாயியில் அவர் குரலைப் புரட்டுவது கேட்கும். அதற்குப் பிறகு வாரநாள் கதீஷையும் யோம் கிப்பூர் கதீஷையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். கோல் நித்ரே என்று தேடினால் முதலில் கிடைப்பது பெரும்பாலும் மாக்ஸ் புரூக் 1880-ல் செல்லோவுக்காக எழுதிய இசையாக இருக்கும். அவர் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர், அது கச்சேரி மேடைக்கான படைப்பு. ஆலயத்தில் பாடுவதைக் கேட்க வேண்டுமென்றால் பாடுகிறவர் கேன்டரா என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள், மூன்று முறை வருகிறதா என்றும் கவனியுங்கள்.